சுவரைக் குறைத்து வாழ்வது எப்படி: திறந்தவெளி வீட்டுக்கு முதல் படிகள்

திறந்தவெளி வீடு என்றதும் பலர் மனதில் ஒரு விடுமுறை விடுதிப் படம் வந்துவிடும். நான்கு தூண், ஒரு கூரை, காற்றில் ஆடும் வெள்ளைத் திரை. அந்தப் படம் எடுத்த நேரத்தில் மழை பெய்திருக்காது, கொசு வந்திருக்காது, மாலை வெயில் பக்கவாட்டில் அடித்திருக்காது. வீடு என்றால் மூன்றும் வரும். வரும்போதும் அங்கே இருக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். ஆனால் வீட்டின் ஒவ்வொரு மூலையும் எல்லா நேரமும் ஒரே மாதிரி வசதியாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும்.

நிலம் வாங்கிக் கட்டப் போகிறவர், இருக்கிற வீட்டில் ஒரு பகுதியைத் திறந்துவிட நினைப்பவர், ஒரு பால்கனி மட்டும் கையில் உள்ளவர் என்று யாராக இருந்தாலும் முதல் சில படிகள் ஒன்றுதான்.

வசதியை ஒரே எண்ணாகப் பார்க்காதீர்கள்

வீட்டு வசதி என்றால் நம் கண் தெர்மோமீட்டருக்குத்தான் போகிறது. 24 டிகிரி சுகம், 29 டிகிரி புழுக்கம். உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. நாம் உணரும் சூட்டை ஆறு விஷயங்கள் முடிவு செய்கின்றன: காற்றின் வெப்பம், சுற்றியுள்ள பரப்புகளிலிருந்து வரும் அனல், காற்றின் வேகம், ஈரப்பதம், உடுத்தியிருக்கும் துணி, செய்துகொண்டிருக்கும் வேலை. டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் பி. ஓ. ஃபாங்கர் இந்த ஆறையும் ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவந்து 1970இல் வெளியிட்டார். கட்டடங்களைக் குளிரூட்டும் பொறியியல் பெரிதும் அதை நம்பியே வளர்ந்தது. ஆனால் அந்தச் சமன்பாடு, மூடிய சோதனை அறைக்குள் ஆட்களை உட்காரவைத்துப் பெற்ற முடிவுகளிலிருந்து பிறந்தது.

ஜன்னலைத் தாங்களே திறந்து மூடிக்கொள்ளும் இடங்களில் இருப்பவர்கள் அந்தச் சமன்பாடு சொல்வதுபோல் உணர்வதில்லை. ரிச்சர்ட் டி டியர், கெய்ல் பிராகர் என்ற இரண்டு ஆய்வாளர்களும் பல நாட்டுக் கட்டடங்களின் கள ஆய்வுத் தரவுகளைச் சேர்த்து ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார்கள். அத்தகைய கட்டடங்களில் மக்களுக்குச் சுகமாகத் தோன்றும் வெப்பநிலை, வெளியே நிலவும் பருவத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. அமெரிக்காவின் ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கம் 2004இல் தன் 55ஆம் தரவிதியில் இதைச் சேர்த்துக்கொண்டது. கணக்கு எளிது. வெளி வெப்பத்தின் மாதச் சராசரியை 0.31ஆல் பெருக்கி, அதோடு 17.8ஐக் கூட்டவும். சராசரி 28 டிகிரி என்றால் விடை சுமார் 26.5. அதற்கு மேலும் கீழும் 3.5 டிகிரி வரை பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். ஆக, 30 டிகிரி வரை பிரச்சினை இல்லை. நல்ல காற்று இருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கலாம். வெளிச் சராசரி 10 டிகிரிக்குக் கீழோ 33.5க்கு மேலோ போனால் இந்தக் கணக்கை நம்பக் கூடாது.

திறந்த இடத்தில் காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் நம்மால் பெரிதாக மாற்ற முடியாது. மீதி நான்கும் நம் கையில். அனலை நிழலால் குறைக்கலாம், காற்றைக் கட்டட அமைப்பாலும் விசிறியாலும் கூட்டலாம், துணியை மாற்றலாம், வேலையின் நேரத்தை மாற்றலாம். இனி வரும் படிகள் எல்லாமே இந்த நான்கைச் சுற்றித்தான்.

உங்கள் வானிலை எந்த வகை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரோ கட்டிய வீட்டைப் பார்த்து நகல் எடுப்பதுதான் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் இரவு பகல் வெப்ப வித்தியாசம் குறைவு. அங்கே திறந்த வீடு நன்றாகவே வேலை செய்யும். நிழலும் காற்றும் இருந்தால் போதும். வெப்பமான வறண்ட இடத்தில் பகலில் திறந்துவைப்பது அனலை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைப்பது. அங்கே பகலுக்குத் தடித்த சுவர் கொண்ட அறை, மாலையிலிருந்து விடியும்வரை வெட்டவெளி என்று வீட்டை நேரத்தால் பிரிக்க வேண்டும். வானம் தெளிவாக இருக்கும் இரவில் திறந்த மாடி வேகமாகக் குளிர்ந்துவிடும்.

குளிர் நாடுகளில் இதெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். பிரான்சில் போர்தோ நகரை அடுத்த ஃபுளுவராக்கில் அன் லகத்தோன், ஜான் ஃபிலிப் வசால் என்ற இரண்டு கட்டடக்கலைஞர்களும் 1993இல் கட்டிய லத்தாப்பி வீட்டில், மூடிய அறைகளுக்குப் பின்னால் ஒளி ஊடுருவும் தகடுகளால் ஒரு பெரிய பசுமைக்குடில் போன்ற கூடம் உண்டு. செலவு குறைவான பொருள், ஆனால் வீட்டின் இடத்தைப் பெரிதாக்கிவிடுகிறது. வெயில் உள்ள குளிர் நாளில் அதில் உட்காரலாம், கடுங்குளிரில் உள்ளே போய்விடலாம். 2021இல் இவர்களுக்குக் கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. குளிர் இடங்களில் திறந்தவெளி என்றால் காற்றைத் தடுத்து வெயிலைப் பிடிப்பது. வெப்ப இடங்களில் அப்படியே தலைகீழ்.

கட்டுவதற்கு முன் வாழ்ந்து பாருங்கள்

என்னைக் கேட்டால் இந்தப் படியைச் செய்யாமல் விட்டவர்கள் வரைபடமே போடக் கூடாது.

ஒரு நோட்டை எடுத்து, உங்கள் ஒரு நாளை மணிவாரியாகப் பிரித்து எழுதுங்கள். எந்த மணிக்கு வீட்டின் எந்த இடத்தில் இருக்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள், அந்த வேலைக்குச் சுவர் தேவையா, கூரை மட்டும் போதுமா, எதுவுமே வேண்டாமா. பெரும்பாலான வேலைகளுக்குக் கூரை மட்டும் போதும் என்று எழுதும்போதே தெரிந்துவிடும். துணி மடிக்க, காய் நறுக்க, படிக்க, போன் பேச, சும்மா உட்கார என்று எதற்கும் நான்கு சுவர் தேவையில்லை. இவற்றுக்காகவே தனித்தனி அறை கட்டி, அதைச் சுத்தம் செய்து, விளக்குப் போட்டு, குளிரூட்டிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து, கையில் இருக்கும் வெளியிடம் எதுவோ அதற்கு வேலைகளை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். மாடி, பால்கனி, பின்புறம் எதுவானாலும் சரி. படிப்பதில் தொடங்கலாம், அது எளிது. அப்புறம் சாப்பிடுவது. அதன் பிறகு பாத்திரம் கழுவுவது. தண்ணீர் எங்கே போகிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். மடிக்கணினியில் வேலை செய்வதும் சோதிக்க வேண்டிய ஒன்று. திரையில் விழும் வெளிச்சம்தான் அங்கே பெரிய தொல்லை, வெப்பம் அல்ல. முதுகுக்குப் பின்னால் வானம் இல்லாதபடி உட்கார்ந்தால் பாதித் தொல்லை தீரும். தூக்கத்தைக் கடைசியில் வையுங்கள். ஏனென்றால் ஒரு மோசமான இரவு மொத்த எண்ணத்தையே கலைத்துவிடும்.

வெளியில் தூங்கும்போது மூன்று விஷயம். தலைக்கு மேல் ஒரு துணியாவது இருக்கட்டும். தெளிந்த வானத்துக்கு நேர் கீழே படுத்தால் விடியற்காலையில் போர்வை பனியில் நனையும். குளிர் மேலிருந்து மட்டும் வருவதில்லை, கீழிருந்தும் வரும். நம் எடையில் அமுங்கிய படுக்கை சூட்டைத் தக்கவைக்காது, ஆகவே மேலே இன்னொரு போர்வை சேர்ப்பதைவிடக் கீழே இன்னொரு விரிப்பு சேர்ப்பது பயன் தரும். மூன்றாவது கொசுவலை. அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

வருடத்தின் மோசமான பருவத்தையும் இந்தச் சோதனை தொட வேண்டும். இனிமையான மாதத்தில் மட்டும் செய்து பார்த்துக் கட்டிவிட்டு, மழை மாதத்தில் எல்லாத் திறப்பையும் அலுமினியச் சட்டம் போட்டு அடைப்பவர்கள் நிறைய.

எதை மூட வேண்டும்?

திறந்த வீட்டின் வெற்றி அதன் மூடிய அறையில் இருக்கிறது. ஒரு சிறிய, பூட்டக்கூடிய, ஈரம் புகாத, நன்றாக மூடிக்கொள்ளும் அறை இருந்தால் மற்ற எல்லாவற்றையும் துணிந்து திறந்துவிடலாம். அதற்குள் போக வேண்டியவை: உடம்பு சரியில்லாதபோது படுக்க ஓர் இடம், ஆவணங்கள், மின்னணுப் பொருட்கள், புத்தகங்கள், உலர்ந்த துணி. காற்றின் ஈரப்பதம் நீண்ட நாள் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தாளிலும் தோலிலும் துணியிலும் பூஞ்சை வரும். திறந்த அலமாரியில் புத்தகம் அடுக்கிய படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம்.

மூடிய பகுதி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் இரண்டு பழைய வீடுகள் இரண்டு எல்லையைக் காட்டுகின்றன. கட்டடக்கலைஞர் ருடால்ஃப் ஷிண்ட்லர் 1922இல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் கட்டிக்கொண்ட வீட்டில் வழக்கமான படுக்கையறை கிடையாது. கூரையின் மேல் திறந்த மரச் சட்டங்களில் படுக்கை, கீழே ஒவ்வொருவருக்கும் வேலை அறை, வெளியே கணப்போடு தோட்டக் கூடம். இன்னொன்று, ஜப்பானியக் கட்டடக்கலைஞர் டடாவோ ஆண்டோ 1976இல் ஒசாகாவில் முடித்த சுமியோஷி வரிசை வீடு. ஒடுக்கமான மனையை மூன்றாகப் பிரித்து நடுப் பங்கை வானத்துக்குத் திறந்துவிட்டார். ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போக முற்றத்தைக் கடக்க வேண்டும்; மழை பெய்தால் கழிவறைக்குப் போகக் குடை பிடிக்க வேண்டும். அந்த வீட்டுக்கு 1979இல் ஜப்பானியக் கட்டடக்கலை நிறுவனத்தின் பரிசு கிடைத்தது.

அந்த வீட்டைப் புகழ்வது எளிது. நடுராத்திரி, மழை, வயிற்றுவலி என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நான் படுக்கைக்கும் கழிவறைக்கும் இடையில் ஒரு கூரை போட்டுவிடுவேன். அசௌகரியத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுப்பது வேறு, தினமும் அதோடு மல்லுக்கட்டுவது வேறு. உங்கள் நோட்டில் இரவு வேளை வேலைகளைப் பாருங்கள். அவை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் வந்துவிட்டால் பகல் வேலைகளை எங்கே வேண்டுமானாலும் சிதறவிடலாம்.

கூரையில் கஞ்சத்தனம் வேண்டாம்

சுவரில் மிச்சம் பிடித்த பணம் கூரைக்குப் போகட்டும். சுவர் இல்லாத வீட்டில் வெயில், மழை, புயல் மூன்றையும் கூரை ஒன்றே சமாளிக்கிறது.

முதலில் அனல். மெல்லிய உலோகத் தகடு உச்சி வெயிலில் 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். கீழே காற்று 30 டிகிரியாக இருந்தாலும் தலைமேல் அடுப்பு எரிவது போலத்தான் இருக்கும். தெர்மோமீட்டர் நன்றாக இருக்கிறது, ஆனால் இருக்க முடியவில்லை என்று சொல்பவர்கள் வீட்டில் காரணம் பெரும்பாலும் இதுதான். தீர்வு இரட்டைக் கூரை: மேலே வெளிர் நிறத் தகடு, ஒரு சாண் இடைவெளி, கீழே இன்னொரு அடுக்கு. இடைவெளியின் இரு முனையும் திறந்திருந்து காற்று ஓட வேண்டும். மூடிவிட்டால் பயன் பாதியாகிவிடும்.

அடுத்தது மழை. மழை 45 டிகிரி சாய்வாக விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரை விளிம்பு தரையிலிருந்து 2.4 மீட்டர் உயரத்தில் இருந்தால், விளிம்புக்கு நேர் கீழிருந்து உள்ளே 2.4 மீட்டர் வரை தரை நனையும். 3 மீட்டர் அகலக் கூடம் என்றால் உலர்ந்த இடம் 60 சென்டிமீட்டர்தான். இந்தக் கணக்கைப் போடாமல் உயரமான கூரையை ஆசையாகக் கட்டுகிறார்கள். விளிம்பை 2 மீட்டருக்கு இறக்கி, அதைத் தரை விளிம்பிலிருந்து 1 மீட்டர் வெளியே நீட்டினால் நனைவது 1 மீட்டரோடு நிற்கும். நடுவில் கூரை எவ்வளவு வேண்டுமானாலும் உயரட்டும். மழைக்காற்று வழக்கமாக வரும் பக்கத்தில் மட்டும் சுருட்டி இறக்கும் தட்டி வைத்தால் மிச்சமும் தீரும்.

தண்ணீர் எங்கே போகும் என்பதும் கூரைக் கணக்குதான். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 40 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 2,000 லிட்டர். கூரைவாய்க்கால் இல்லாமல் அது முழுவதும் நீங்கள் நடக்கும் விளிம்பிலேயே கொட்டும்.

வெயில் வரும் திசைகளில் கிழக்கும் மேற்கும்தான் கஷ்டம். நடுப்பகல் வெயிலை நீட்டிய கூரை தடுத்துவிடும். காலை, மாலை வெயில் தாழ்ந்து வருவதால் எவ்வளவு நீட்டினாலும் உள்ளே வந்துவிடும். அங்கே செங்குத்தான தடுப்பு வேண்டும்: மரச்சட்டத் தட்டி, கொடி படர்ந்த வலை, அடர்ந்த மரம். முடிந்தால் கூடத்தின் நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும்.

கடைசியாக, பலர் மறந்துவிடும் ஒன்று. சுவர் இல்லாத கூரை பலத்த காற்றில் மேல்நோக்கித் தூக்கப்படும். மூடிய வீட்டைவிடத் திறந்த கூடத்துக்கு இந்த ஆபத்து அதிகம். பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்கச் சுவரும் இல்லை. ஆகவே கூரையிலிருந்து அடித்தளம்வரை விடாமல் பிணைத்த இரும்புப் பட்டை, தூண்களுக்குக் குறுக்குச் சட்டம் இரண்டும் கட்டாயம். இந்த ஒரு வேலையை மட்டும் சொந்த மூளையில் செய்யாமல் கட்டமைப்புப் பொறியாளரிடம் கொடுங்கள்.

காற்று

காற்று வரும் வாயும் போகும் வாயும் இரண்டும் வேண்டும். போகும் வாய் வரும் வாய்க்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்கட்டும். நாம் உட்காரும், படுக்கும் உயரத்தில் காற்று ஓட வேண்டும், தலைக்கு மேலே ஓடினால் பயனில்லை. காற்றே இல்லாத நாளுக்கு விசிறி. நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, சுமார் 3 டிகிரி குறைந்தது போன்ற உணர்வைத் தரும். மேசையில் உள்ள தாள் பறக்கத் தொடங்கும் வேகமும் ஏறத்தாழ அதுதான். தோலின் வெப்பம் 33, 34 டிகிரி. காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் வியர்வை உலர்வதால் மட்டுமே பயன் கிடைக்கும். முதியவர்களுக்கு அப்போது விசிறியை மட்டும் நம்பக் கூடாது, மூடிய குளிர்ந்த அறை வேண்டும்.

கொசு

வலையைக் கூடம் முழுக்கச் சுற்றிக் கட்டலாம், அல்லது படுக்கைக்கும் ஒரு மேசைக்கும் மட்டும் கட்டலாம். இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும். வலை எதுவானாலும் காற்றைக் கணிசமாகக் குறைக்கும், வீடு முழுக்கக் கட்டினால் திறந்துவைத்ததன் பயனில் பெரும் பங்கு போய்விடும். படுக்கைக் கொசுவலைகளில் ஒரு சதுர அங்குலத்துக்கு 156 கண்கள் என்பது வழக்கமான அளவு. அதைவிட நெருக்கமாக வாங்கினால் காற்று இன்னும் குறையும். வலையை அகலமாகத் தொங்கவிட்டு, கை கால் அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வலைக்கு வெளியிலிருந்தே கடிக்கும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கிறது. ஆகவே இரவு வலை மட்டும் போதாது. அது தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும் என்பதால் கூரைவாய்க்கால், பூந்தொட்டித் தட்டு, மூடாத தொட்டி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை காலிசெய்து உலரவிட வேண்டும். மலேரியா, டெங்கு அதிகமுள்ள பகுதியில் குழந்தைகள் இருந்தால் கூடத்துக்கே வலை கட்டுங்கள், காற்று குறைந்தாலும் பரவாயில்லை.

தரை, மரம், மின்சாரம்

தரையை வெளி மட்டத்தைவிட உயர்த்தி, வெளிநோக்கி லேசான சரிவு கொடுங்கள். நனைந்தாலும் வழுக்காத சொரசொரப்பான பரப்பு வேண்டும். வழவழப்பான ஓடு மழை நாளில் ஆளை விழவைக்கும்.

மரத்தூண் மண்ணையோ சிமெண்ட் தரையையோ நேராகத் தொடக் கூடாது. அடியில் இரும்புத் தாங்கி போட்டுச் சில சென்டிமீட்டர் தூக்கி நிறுத்துங்கள். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் உளுத்துப்போகத் தொடங்கும், தூண் எப்போதும் அடியிலிருந்துதான் போகும். கடற்கரை அருகில் சாதாரண திருகாணிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும், 316 தரத் துருப்பிடிக்காத எஃகு கேட்டு வாங்குங்கள்.

மின்சாரத்தில் சமரசமே வேண்டாம். மழைச்சாரல் படக்கூடிய இடத்தில் விளக்கும் பிளக்கும் குறைந்தது ஐபி44 தரத்தில் (தெறிக்கும் தண்ணீர் உள்ளே போகாத தரம்) இருக்க வேண்டும். வெளிப்புறச் சுற்று முழுவதும் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் துண்டித்துவிடும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்புச் சுவிட்ச் வழியாகப் போக வேண்டும். பிளக்குகளை இடுப்புக்கு மேல் வையுங்கள்.

யார் அவசரப்படக் கூடாது

சாலைப் புகை, ஆலைப் புகை, பயிர்க்கழிவு எரிக்கும் புகை உள்ள இடத்தில் திறந்த வீடு நல்ல யோசனை அல்ல. கூரையும் வலையும் நுண்துகளைத் தடுக்காது. ஆஸ்துமா உள்ளவர், கைக்குழந்தை, மிக முதியவர் உள்ள வீட்டில் மூடிய அறையைப் பெரிதாக்கி, திறந்த பகுதியைச் சிறிதாக வைத்துத் தொடங்கலாம். இரைச்சலும் அப்படித்தான். மூடிய ஜன்னல் குறைத்துவைத்திருக்கும் ஒலி, திறந்தவுடன் முழுதாக வந்துவிடும். சோதனை நாட்களில் இரவு 11 மணிக்கும் விடியற்காலை 5 மணிக்கும் அங்கே உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். நீங்கள் பேசுவதும் வெளியே கேட்கும் என்பதைக் கூட இருப்பவர்களிடம் சொல்லிவையுங்கள்.

பார்வை மறைப்புக்கு முழுச் சுவர் தேவைப்படுவது அரிது. உட்கார்ந்திருப்பவரின் கண் உயரம் சுமார் 1.2 மீட்டர். அதற்குச் சற்று மேல்வரை தடுப்பு வைத்தால் சமதளத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் மறைந்துவிடுவார், மேலே காற்று ஓடும். பக்கத்து மாடி உயரமாக இருந்தால் தடுப்பைவிடக் கூரை விளிம்பைத் தாழ்த்துவதுதான் உதவும்.

அனுமதி வாங்கும்போது

கூரை உள்ள, சுவர் இல்லாத இடத்தைக் கட்டடப் பரப்பில் சேர்ப்பார்களா என்பது ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் முழுதாகச் சேர்ப்பார்கள், சில இடங்களில் பாதி, சில இடங்களில் சேர்க்கவே மாட்டார்கள். எல்லைக் கோட்டிலிருந்து கூரை விளிம்பு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதும் அப்படியே. விதி தூணிலிருந்து அளக்கிறதா விளிம்பிலிருந்து அளக்கிறதா என்று கேளுங்கள், 1 மீட்டர் நீட்டிய கூரையில் அது பெரிய வித்தியாசம். வரைபடத்தைக் கொடுக்கும் முன்பே உள்ளாட்சி அலுவலகத்தில் இதை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். வீட்டுக் காப்பீடு எடுப்பவர்கள், பூட்ட முடியாத பகுதியில் உள்ள பொருட்களுக்குக் காப்பு உண்டா என்பதையும் அதே வாரத்தில் விசாரித்துவிடலாம்.